காரணம் சொல்லத் தேவையில்லை

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. இன்றோடு நான்கு நாள் ஆகிறது. முதல் நாள் "மாப்பிள்ளைக்கு" என்று எழுதி முடித்ததும் எழுந்து தெருமுனை வரை ஒரு நடை போய்விட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம். எழுபத்திரண்டு வயதில் நான் போட்ட எழுத்து என்னையே திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்திருக்க முடியுமா?

நூலகத்து மாடியில் மதியம் வகுப்பு நடக்கிறது. ஏழு பேர் படிக்கிறோம். டீச்சர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து மாதத்தில் பேப்பர் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். நான் முழுதாகப் படித்து முடித்த முதல் செய்தி உன் பேட்டிதான். மூன்று நாள் ஆனது. கடைசிப் பத்தியில் நீ சிரித்தாய் என்று போட்டிருந்தது. எங்கே சிரித்தாய் என்று தெரியவில்லை, அதனால் நான் எல்லா இடத்திலும் சிரித்தேன்.

உன் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, எனக்கு ஒரு வரி எழுதத் தோணல. தம்பிக்கு மட்டும் பக்கம் பக்கமா போகுது" என்கிறாள். அவளுக்கு எழுதுவதென்றால் இன்னும் நல்ல கையெழுத்து வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சபைக்கும் கூட்டத்துக்குமாக இருபத்தாறு வருஷம் உன் வண்டியை ஓட்டினேன். ரயில் நிலையத்தில் குண்டு வெடித்துப் பதினோரு பேர் செத்த பிறகு உனக்குக் காவல் போட்டார்கள். காவலோடு ஒரு வண்டி வந்தது. வண்டியோடு அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் வந்தான். "பெரியவரே, நீங்க ஓய்வெடுங்க" என்று சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். நீ பின்னால் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாய். போன ஞாயிறு உன் புது வீட்டு வாசலுக்கு வந்தேன். "அவரோட அக்கா புருஷன்" என்றேன். "பட்டியல்ல உங்க பேர் இல்லையே" என்றார்கள். பட்டியலில் பெயர் வரும்வரை உன் படி மிதிக்க மாட்டேன்.

நீ எந்தப் பேச்சையும் முதலில் என் முதுகிடம்தான் பேசிப் பார்ப்பாய். சரியில்லை என்றால் நான் வண்டிக் கண்ணாடியில் உன்னைப் பார்ப்பேன், நீ அந்த வரியை வெட்டிவிடுவாய். இப்போது அவன் கேட்கிறானா? கேட்டாலும் எனக்கு வயிறு எரிகிறது. கேட்காவிட்டாலும் எரிகிறது.

பேட்டியில் ஒரு வரி மட்டும் விளங்கவில்லை. போலீஸ் பிடித்து வைக்கிற ஆட்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிற அவசரச் சட்டத்தை நீ ஆதரிப்பதாகப் போட்டிருக்கிறது. இருபது வருஷமாக இதற்கு எதிராகத்தானே என் முதுகிடம் பேசினாய்? தப்பாகப் படித்துவிட்டேனோ என்று டீச்சரிடம் காட்டினேன். சரியாகத்தான் படித்திருக்கிறேனாம்.

உன் அத்தான்


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தான்,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் செயலாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு முறை படித்தேன். என் பேச்சுகளில் ஒன்றைக்கூட நான் இரண்டு முறை படித்ததில்லை.

பட்டியல் விஷயம் என் தவறு. அது பாதுகாப்புப் பிரிவு தயாரிப்பது, நான் பார்க்கவே இல்லை. சரி செய்யச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு படிவம், அதற்கும் ஒரு மாதம் என்கிறார்கள்.

நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். குண்டு வெடித்த மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கிற ஒருவர் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தார். "உரிமை உரிமைன்னு பேசினீங்களே சார், உயிரோட இருக்கற உரிமை என் தம்பிக்கு இல்லாமப் போச்சே" என்றார். இருபது வருடமாக நான் பேசியதில் அவருக்குச் சொல்ல ஒரு வாக்கியம்கூட இல்லை. தொண்ணூறு நாள் ஒருவரை வைத்து விசாரித்திருந்தால் இது நடந்திருக்காது என்று காவல்துறை சொல்கிறது. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பொய் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 28 அன்று சபை இந்த அவசரச் சட்டத்தை நிரந்தரமாக்க வாக்களிக்கிறது. நான் ஆதரித்துப் பேசினால் என் பின்னால் பத்துப் பேர் கை தூக்குவார்கள். இத்தனை காலம் எதிர்த்தவன் ஆதரிப்பதால்தான் எனக்கு இந்த மதிப்பு. அதுவும் தெரிந்தேதான் இருக்கிறேன்.

உங்களுக்குக் கண்ணாடிக்காரர் மேல் பொறாமை. எனக்கு உங்கள் மேல். நீங்கள் நினைத்த நேரம் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறீர்கள். நான் மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்தாலே கீழே இரண்டு பேர் தலையைத் தூக்குகிறார்கள். உங்கள் கடிதம்கூட என்னிடம் வருவதற்கு முன்பே பிரித்து, படித்து, திரும்ப ஒட்டியிருந்தது. மன்னித்துவிடுங்கள்.

அக்காவுக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்? நான் எழுதியதை உனக்கு முன்னால் இன்னொருவர் படித்திருக்கிறாரே! வகுப்பில் சொன்னேன், ஆறு பேரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். அவர்கள் எழுதுவதை வீட்டில்கூட யாரும் படிப்பதில்லை. பிரிக்கிறவரே, வணக்கம். போன கடிதத்தில் எந்த இடம் உங்களுக்குப் பிடித்தது?

டீச்சர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் கண்ணால் பார்த்ததை நோட்டில் பத்து வரி எழுத வேண்டும். வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? அதனால் உன் வாசலுக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்கிறேன். உன் படியை மிதிக்கவில்லை, பெஞ்சு பொதுவானது. நோட்டிலிருந்து கொஞ்சம் கீழே எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்வது நல்லது.

திங்கள். எட்டு நாற்பதுக்கு வண்டி வெளியே வந்தது. வாசல் மேட்டை இரண்டாவது கியரில் ஏற்றினான். மாப்பிள்ளைக்குத் தலை ஆடியது.

செவ்வாய். எட்டு நாற்பத்திரண்டு. இடது பக்கம் திரும்பும்போது கடைசியில் பிரேக் போட்டான். பின் வண்டி முட்டப் பார்த்தது. மாப்பிள்ளை வலது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். அங்கே வெயில் அடிக்கும், நான் எப்போதும் இடது பக்கம் உட்கார வைப்பேன்.

புதன். எட்டு நாற்பது. இரண்டு வண்டிகள். மாப்பிள்ளை இரண்டாவதில். நூல்கடை முனையில் வேகம் குறைக்கிறான், குறைக்கத் தேவையே இல்லை.

வியாழன். வண்டி வரவில்லை. அவன் மட்டும் வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

இப்படி இருபது பக்கம் இருக்கிறது. டீச்சர் ஒவ்வொரு பக்கத்திலும் "நன்று" போட்டிருக்கிறார். பார்த்தபடி எழுதுவதில் வகுப்பில் நான்தான் முதல் என்றார்.

நீ எழுதிய டிக்கெட்காரரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்குச் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை.

உன் அத்தான்


மார்ச் 10

அன்புள்ள அத்தான்,

கடிதம் நேற்று வந்தது. இந்த ஆறு மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுதான். வண்டியில் போகும்போது உங்கள் நோட்டுக் குறிப்புகளைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கண்ணாடிக்காரர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அத்தான் ஓட்டினா மடியில இருக்கற தண்ணி டம்ளர்கூட ததும்பாது தெரியுமா?" என்றேன். அடுத்த மேட்டை முதல் கியரில் ஏற்றினார்.

ஆனால் அந்த நிறுத்தத்தில் இனி உட்கார வேண்டாம். வாசலில் நிற்பவர்களுக்குப் பிடிக்காது. காலம் அப்படி இருக்கிறது.

பேச்சு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலாவது பக்கத்துக்கு மேல் நகரவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

இங்கே வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்கிறார்கள். ஒருவருக்கு மட்டும்தான். உன் அக்காவுக்கு எழுதும் முதல் கடிதம் இப்படியா இருக்க வேண்டும் என்று உனக்கே எழுதுகிறேன். நான் உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன் என்று அவளிடம் உடனே போய்ச் சொல். என் மூட்டு வலி மாத்திரை மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, கொடுத்தனுப்பச் சொல்.

பதினொன்றாம் தேதி காலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். "என்ன எழுதறீங்க பெரியவரே?" என்றார் ஒருவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். "படிச்சுக் காட்டட்டுமா?" என்றேன். "வாங்க, உள்ள உக்காந்து படிக்கலாம்" என்று வண்டிக் கதவைத் திறந்தார். நானே ஏறி உட்கார்ந்தேன் மாப்பிள்ளை. பாதி வழியில்தான் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை என்று பார்த்தேன்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. பேனாவும் தாளும் கொடுத்து "எல்லாத்தையும் எழுதுங்க" என்றார்கள். என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதினான்கு பக்கம் எழுதினேன். மூன்று அதிகாரிகள் படித்தார்கள். மறுநாளும் அதையே எழுதச் சொன்னார்கள். மூன்றாம் நாளும் அதையே. அப்போதுதான் அவர்கள் படிப்பது வேறு ஏதோ என்று புரிந்தது.

"எதுக்கு என்னைப் புடிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "காரணம் சொல்லத் தேவையில்ல பெரியவரே. சட்டம் அப்படி" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். உன் பேரை நான் எடுக்கவில்லை. பட்டியலில் இல்லாதவன் எந்த முகத்தோடு எடுப்பது? இந்த உறையில் முகவரியைப் பார்த்த பிறகுதான் எழுந்து நின்றார். இப்போது எனக்கு இரண்டு தலையணை.

இது நீளமான அறை, எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஒரு மருந்துக்கடைக்காரர். இருபத்தாறு நாளாக இருக்கிறார். எதற்கென்று அவருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணத்தை யோசித்து என்னிடம் சொல்வார், மறுநாள் "அது இல்ல" என்று மாற்றுவார். உதடு அசையாமல் படிக்கிற ஆள். ஒரு பக்கத்தை நான் பாதி படிப்பதற்குள் இரண்டு முடித்துவிடுகிறார். அவரைப் பார்த்தாலும் வயிறு எரிகிறது.

என் நோட்டை மட்டும் திருப்பித் தரச் சொல்.

உன் அத்தான்


மார்ச் 17

அத்தான்,

அக்கா வாசலுக்கு வந்தாள். பட்டியலில் அவள் பெயரும் இல்லை. அவள் நிற்கவில்லை, இரண்டு காவலர்களையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "மூணு நாளா ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினேன். என் புருஷன் எங்கேன்னு சொல்லு. அப்புறம் நீ எவ்வளவு பெரிய மனுஷனா வேணா இருந்துக்கோ" என்றாள். உங்கள் கடிதம் அன்று மாலைதான் வந்தது. அதுவரை எனக்கும் தெரியாது. பிடித்ததைச் சொல்லவும் தேவையில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. ஏழாம் பக்கம்.

எப்படி நடந்தது என்று விசாரித்தேன். மறைக்காமல் சொல்கிறேன். உங்களைப் பற்றி எழுதிக் கொடுத்தவர் கண்ணாடிக்காரர். நான் வண்டியில் உங்கள் குறிப்புகளைப் படித்துக் காட்டிய அன்றே கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். என் முன்னால் முதல் முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சின்ன வயதுதான் அத்தான், முப்பதுகூட இருக்காது. "ஒவ்வொரு திருப்பத்துலயும் அவர் பேச்சுதான் சார். அத்தான் இப்படி ஓட்டுவாரு, அத்தான் அப்படி நிறுத்துவாருன்னு. நானும் மனுஷன்தானே? எழுதிக் குடுத்தாப் போதும், ஏன்னு கேக்க மாட்டாங்கன்னு தெரியும்" என்றார்.

நீங்கள் அவர்மேல் பொறாமைப்பட்டு நோட்டில் எழுதினீர்கள். அவர் உங்கள்மேல் பொறாமைப்பட்டுத் தாளில் எழுதினார். இரண்டையும் கிளறிவிட்டுச் சிரித்தவன் நான்.

இதோடு ஒரு தாள் வருகிறது. பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் தானே அனுப்பிவைத்தார், நானும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்களும் போட்டால் அடுத்த நாள் வீட்டில் இருக்கலாம். தயவுசெய்து போட்டுவிடுங்கள். அக்கா என்னிடம் பேசுவதில்லை.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 21

மாப்பிள்ளைக்கு,

தாள் வந்தது. அதிகாரியே கொண்டுவந்து, பேனாவின் மூடியைத் திறந்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலையும் வைத்துக் காட்டினார். "இங்க போடுங்க, வண்டி தயாரா நிக்குது" என்றார்.

போன வருஷமாக இருந்தால் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்துவிட்டுப் போயிருப்பேன். அப்படி எத்தனை தாளில் வைத்திருக்கிறேன், அதிலெல்லாம் என்ன இருந்ததோ. இந்த முறை "படிச்சுட்டுப் போடறேன்" என்றேன். அவர் உட்கார்ந்தார். எழுந்தார். டீ குடித்துவிட்டு வந்தார். நான் மூன்றாவது வரியில் இருந்தேன். "ஐயா, உங்க மச்சினரே கையெழுத்துப் போட்டிருக்காரு, இதுல படிக்க என்ன இருக்கு?" என்றார். எனக்கு அவசரம் இல்லை என்றேன்.

நீ அதைப் படித்தாயா மாப்பிள்ளை?

மூன்றாவது வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? "தவறான நோக்கத்துடன் வாகனத்தின் நேரங்களைக் குறித்துவந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்." ஐந்தாவது வரியில், என்னைச் சட்டப்படிதான் பிடித்தார்கள், எந்தக் குறையும் இல்லை என்று இருக்கிறது. இதில் உன் கையெழுத்து, நன்றாகச் சுழித்துப் போட்டிருக்கிறாய்.

என் நோக்கம் பொறாமை. அதை ஒளிக்க மாட்டேன். "பொறாமையால் குறித்துவந்தேன்" என்று மாற்றி எழுதச் சொல், இந்த நிமிஷமே போடுகிறேன். அதிகாரியிடம் சொன்னேன். "அப்படி ஒரு வார்த்தை படிவத்துல கிடையாது" என்கிறார்.

உன் அக்கா பாவம். அவளிடம் நீயே சொல், இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் வீட்டுக்கு வரத்தான் ஆசை. முழங்கால் மடங்கவில்லை, இங்கே தரை ரொம்பக் குளிர்ச்சி. தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். காலையில் எடுத்துப் பார்க்கிறேன். பேனாவையும் பார்க்கிறேன். மூன்றாவது வரி அப்படியேதான் இருக்கிறது.

மருந்துக்கடைக்காரருக்கு இப்படித் தாள் அனுப்ப யாரும் இல்லை. நான் படித்துக்கொண்டிருந்தபோது தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை அவர் முகத்தில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பெரியவரே, உங்களுக்குத் தப்பாவாவது ஒரு காரணம் எழுதியிருக்காங்க."

உன் அத்தான்


மார்ச் 29

அத்தான்,

நான் அந்தத் தாளைப் படிக்கவில்லை. சட்டத்தை மட்டும் படித்தேனா? அக்கா வந்த நாளில்தான் ஏழாம் பக்கத்தையே தேடினேன். சட்டத்தை ஆராயும் குழுவுக்குத் தலைவனாக ஐந்து கூட்டம் உட்கார்ந்திருக்கிறேன். சுருக்கத்தைப் படித்தேன். எல்லோரும் சுருக்கத்தைத்தான் படித்தோம்.

நேற்று சபையில் எழுதிவைத்த பேச்சை எடுக்கவில்லை. உங்கள் தாளின் நகலைப் படித்தேன், பிறகு அதற்கு நீங்கள் எழுதிய பதிலையும் படித்தேன். "பொறாமை" என்று வந்ததும் சபையில் சிரிப்பு. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன்: "குண்டு வைக்கிறவனைப் பிடிக்க நாள் வேண்டும், அதிகாரம் வேண்டும், நான் கொடுக்கிறேன். ஆனால் காரணம் கேட்காத சட்டத்தில் எந்தக் காரணமும் போதும். ஒரு டிரைவருக்கு இன்னொரு டிரைவர்மேல் இருக்கிற பொறாமைகூடப் போதும். என் வீட்டுக்குள்ளேயே அது நடந்துவிட்டது." இந்த மாதத்துக்கு முன்னால் ஏழாம் பக்கத்தைப் படித்தவர்கள் கை தூக்கச் சொன்னேன். யாரும் தூக்கவில்லை, நானும்தான்.

சட்டம் நிறைவேறியது. அதோடு என் திருத்தமும் மூன்று வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. பிடித்த ஒரு நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்து வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

குழுத் தலைவர் பதவி போய்விட்டது. வெளியே வரும்போது கட்சிக்காரர் ஒருவர், "அடுத்த குண்டு வெடிச்சா உங்க வீட்டுக்குத்தான் பொணத்தைத் தூக்கிட்டு வருவோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றும் ஒரு மனம் சொல்கிறது. டிக்கெட்காரருக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

உங்களை மட்டும் வெளியே எடுக்க நான் யாருக்கும் போன் செய்யவில்லை. நான்கு முறை போனைக் கையில் எடுத்தேன். அக்காவிடம் சொன்னேன். "செய்யாதே. செஞ்சா அவர் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பக்கமே திரும்பிப் படுத்துப்பாரு" என்றாள். பதினைந்து நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியது அதுதான்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 31

மாப்பிள்ளைக்கு,

நேற்று மதியம் இங்கே பெரிய கூத்து. அதிகாரி கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். "எல்லாரும் எழுந்து நில்லுங்க, காரணம் வாசிக்கணும்" என்றார். எட்டுப் பேரும் கட்டில் ஓரமாக நின்றோம். எனக்குப் பள்ளிக்கூடம் போன மாதிரி இருந்தது. நான் போனதில்லை, இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் மருந்துக்கடைக்காரர். அதிகாரி அவர் கோப்பைத் திறந்தார். ஒரே ஒரு தாள். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவரும் திருப்பிப் பார்த்தார். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, காரணம் எழுதும் இடத்தில் ஒன்றுமே இல்லை. நாற்பத்திரண்டு நாளாக அந்த மனிதன் விதவிதமாக யோசித்துக்கொண்டிருந்தது வெறும் வெள்ளைத் தாளை. "சரி, நீங்க கெளம்புங்க" என்றார் அதிகாரி. மருந்துக்கடைக்காரர் நகரவில்லை. "கெளம்புங்கன்னா கெளம்புங்க சார்" என்றார். கடைக்காரர் உட்கார்ந்து அழுதுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவு வழியாக நடந்து போனார்.

பிறகு என் முறை. என் கோப்பு கனம். என் நோட்டும் அதில்தான் இருந்தது, அத்தனை பக்கமும் டீச்சரின் "நன்று" எல்லாமும். காரணம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. அதிகாரி வாசிக்க ஆரம்பித்தார். "வாசல் மேட்டை இரண்டாவது கியரில் ஏற்றியதைக் குறித்தது. நூல்கடை முனையில் தேவையின்றி வேகம் குறைத்ததைக் குறித்தது." அங்கே அவர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆறு பேரும் சிரிக்கிறார்கள். காவலுக்கு நின்றவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனாலும் காரணம் காரணம்தானாம். எழுதப்பட்டிருப்பதால் திங்கட்கிழமை நீதிபதி முன்னால் போக வேண்டும், அதுவரை இங்கேதான்.

ஆக, காரணமே இல்லாதவர் வீட்டுக்குப் போய்விட்டார். காரணம் இருப்பவன் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பொறாமை. அதோடு சிரிப்பும் வருகிறது, அதனால் இது வேறு வகை என்று நினைக்கிறேன்.

உனக்குப் பயம் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். டிக்கெட்காரரைப் போய்ப் பார், பதில் இல்லாவிட்டாலும் போ.

நீதிபதி முன்னால் எழுத்தர்தான் காரணத்தை வாசிப்பாராம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்மேல் எழுதியதை நானே வாசிக்கிறேன் என்று விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். நேரம் ஆகும் பெரியவரே என்றார்கள். ஆகட்டும் என்றேன். அன்றைக்கு உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வா. முன் வரிசையில் உட்காரச் சொல். நான் வாசித்து அவள் கேட்டதே இல்லை.

உன் அத்தான்